ஸ்பீட் கன் இருக்கிறது, நோட்டு இல்லை

அக்கா பையனுக்கு 14 வயது. ஃபாஸ்ட் பவுலர். போன மாதம் அவன் போகும் கிரிக்கெட் அகாடமிக்கு அவனைக் கூட்டிவரப் போயிருந்தேன். புதிதாக ஸ்பீட் கன் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒருவர் வேகத்தைச் சத்தமாகச் சொல்ல, பையன்கள் முந்தின பந்தை மிஞ்சப் பார்க்கிறார்கள். கோச்சிடம் போய், "இவன் இந்த வாரம் மொத்தம் எத்தனை பந்து போட்டிருப்பான் சார்?" என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். "அதெல்லாம் யாருங்க எண்ணிக்கிட்டு இருக்கா? வயசுப் பசங்க, போடட்டும்."

நல்ல மனிதர்தான். பையன்கள் மேல் பாசம் உள்ளவர். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு முதுகு வலித்தது. 1998-லிருந்து வலிக்கிற முதுகு அது.

அப்போது எனக்கு 17 வயது. திருச்சியில் ஸ்கூல் டீம், மாவட்ட லீக், ஞாயிறானால் டென்னிஸ் பால் டோர்னமெண்ட். மூன்று இடத்திலும் முதல் ஓவர் என்னுடையதுதான். சிமெண்ட் தரையில் மேட்டிங் விரித்த பிட்ச், ஓட்டமும் துள்ளலுமாக வந்து காலை ஊன்றினால் பல் வரைக்கும் அதிரும். ஒரு நாள் முதுகின் அடியில் இடப்பக்கமாக ஊசி வைத்துக் குத்தியதுபோல் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "எலும்பு நல்லா இருக்கு, சதைப் பிடிப்பு" என்றார் டாக்டர். அம்மா அது வாய்வுதான் என்று முடிவுகட்டிப் பூண்டு வதக்கிக் கொடுத்தாள். தைலம் தேய்த்துக்கொண்டு மேலும் இரண்டு மாதம் போட்டேன். செருப்பு மாட்டக் குனிய முடியாமல் போன பிறகுதான் ஸ்கேன். முதுகெலும்பின் பின்பக்கத்தில் விரிசல். அதற்கப்புறம் நான் பார்த்த கிரிக்கெட் எல்லாம் டிவியில்தான்.

எனக்கு ரொம்ப நாள் புரியாதது ஒன்று உண்டு. நான் வலக்கைப் பவுலர், விரிசல் ஏன் இடப்பக்கம்?

பந்து கையை விட்டுப் போகும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். ஓடிவந்த உடம்பு முன்காலில் சடாரென்று நிற்கிறது. வேகப் பந்து வீச்சாளர்களை அளந்து பார்த்ததில், அந்த ஊன்றலில் தரை திருப்பித் தள்ளும் விசை பொதுவாக உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல். 50 கிலோ பையன் என்றால் 250 கிலோ. அதே கணத்தில் உடம்பு பின்னுக்கு வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. ஈரத் துணியைப் பிழிவதுபோல. இடுப்புப் பகுதி முதுகெலும்பின் கடைசி இரண்டு எலும்புகளில், பின்பக்கம் பாலம்போல் ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது. வலக்கைக்காரனுக்கு இடப்பக்கப் பாலம்தான் நசுங்கும் பக்கம். இடக்கைக்காரனுக்கு வலப்பக்கம்.

ஒரு பந்தில் அது உடையாது. பந்துக்குப் பந்து கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், உடம்பு சரிசெய்துகொள்ளும். சிக்கல் அந்தச் சரிசெய்யும் முறையில்தான் இருக்கிறது. எலும்பு முதலில் பழுதான பகுதியை அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுத் தார் ஊற்ற மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்களே, அப்படி. அந்த இடைவெளியில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் லாரியை ஓட்டினால்? ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதும் சகஜம். விரிசல் விழுவதற்கு முன்பே எலும்புக்குள் வரும் வீக்கத்தை எம்ஆர்ஐ காட்டிவிடும். என் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்குத் திருச்சியில் ஒரு ஸ்கூல் பையனின் முதுகுவலிக்கு யார் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கும் இதேதான் நடந்தது. 1973-ல் வெஸ்ட் இண்டீஸ் டூரில் முதுகெலும்பு விரிசல். ஆறு வாரம் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. பெர்த்தில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃப்ராங்க் பைக் வகுத்த பயிற்சித் திட்டத்தால்தான் மீண்டும் எழுந்து, 1974-75 ஆஷஸ் டெஸ்ட் தொடரில் இங்கிலாந்தைத் துரத்தித் துரத்தி அடித்தார். அதே லில்லிதான் 1987-ல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தைத் தொடங்கி வைத்து வழிநடத்த வந்தவர். முதுகு உடைந்து மீண்ட ஒருவரிடம் வேகப்பந்து கற்றுக்கொண்ட ஊர் இது. அந்தப் பாடத்தில் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முதுகை விட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

அதே பெர்த்தில் 1980-களில் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். சராசரி வயது 17-க்குள். 11 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் விரிசல். பந்து வீசும் விதத்தை ஆக்‌ஷன் என்பார்கள். இடுப்பு ஒரு பக்கம் பார்க்க, தோள் வேறு பக்கம் திரும்பும் 'மிக்ஸ்டு ஆக்‌ஷன்' ஒரு காரணமாகத் தெரிந்தது. அளவுக்கு மீறிப் போடுவது இன்னொரு காரணம். அந்தக் குழுவில் இருந்த புரூஸ் எலியட் பின்னாளில் சின்னப் பையன்களுக்கு ஆக்‌ஷனைத் திருத்திக் கொடுத்து, வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். திருத்திய பிறகு, முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் தேய்மானம் குறைவாக இருந்தது.

நம் ஊரில் யாரிடம் பேசினாலும் பேச்சு ஆக்‌ஷனோடு நின்றுவிடுகிறது. "ஆக்‌ஷன் சரியா இருந்தா ஒண்ணும் ஆகாது சார்." அப்படியா? ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடினார், 2011-ல். அடுத்த டெஸ்ட் ராஞ்சியில், 2017-ல். நடுவில் போன ஐந்து வருடத்துக்கும் மேலான காலத்தில் பெரும்பகுதியை முதுகுதான் தின்றது. அவர் ஆக்‌ஷனையா குறை சொல்வீர்கள்? பும்ராவுக்கு 2019-ல் விரிசல், 2022 டி20 உலகக் கோப்பை போனது, 2023-ல் நியூஸிலாந்தில் அறுவை சிகிச்சை. நம்ம பாலாஜியை மட்டும் மறக்க முடியுமா? 2004 பாகிஸ்தான் டூரில் அந்தச் சிரிப்புக்கு நாடே மயங்கியது. பின்னால் முதுகு விரிசல் அவரை எவ்வளவு காலம் வெளியே உட்கார வைத்தது!

ஆக்‌ஷனை அளக்க அதிவேகக் கேமராவும் விவரம் தெரிந்த ஆளும் வேண்டும். மாவட்ட அகாடமிகள் எல்லாவற்றிலும் இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பந்தை எண்ண என்ன வேண்டும்? பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயது வரையுள்ள பையன்களுக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது தொடர்ச்சியாகப் போடும் ஒரு சுற்றில், 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று எழுதியே வைத்திருக்கிறது.

இங்கே நிலைமை எப்படி? என் அக்கா பையன் ஸ்கூல் டீமில் ஆடுகிறான், அகாடமியில் நெட்ஸ் போடுகிறான், ஒரு கிளப்பில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்களோடு டென்னிஸ் பால். நாலு இடத்திலும் நாலு பேர் அவன் தங்களிடம் மட்டும்தான் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாலையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் நம் சம்மர் கேம்ப். பரீட்சைக்காக இரண்டு மாதம் பந்தையே தொடாத பையனை, ஏப்ரல் மாதம் காலை மாலை இரண்டு வேளையும் போட வைக்கிறோம். எலும்பு பழகிய சுமையைத் தாங்கும், திடீர்ச் சுமைக்குத்தான் தடுமாறும். அதனால் "ரெஸ்ட் கொடு, ரெஸ்ட் கொடு" என்று ஒரேயடியாக உட்கார வைப்பதும் தீர்வில்லை. பரீட்சை நேரத்திலும் வாரம் இரண்டு நாள் கொஞ்சம் போடட்டும், கேம்ப் தொடங்கினால் படிப்படியாக ஏற்றட்டும். இன்னொன்று, அடி உடனே தெரியாது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஆர்ச்சர்டு குழு பார்த்ததில், ஒரு போட்டியில் 50 ஓவருக்கு மேல் போட்டவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு அடுத்த மூன்று நான்கு வாரங்களில்தான் கூடியது. "போன வாரம் அவ்வளவு போட்டான், ஒன்றும் ஆகலையே" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது அந்த மூன்று வாரத்துக்குள்தான்.

இதைச் சொன்னால் கமெண்டில் கபில் தேவ் வந்துவிடுவார், தெரியும். 131 டெஸ்ட், காயத்தால் ஒரு டெஸ்ட்டைக்கூட விடவில்லை. உண்மைதான், கும்பிட வேண்டிய உடம்பு. ஆனால் கபில் மாதிரியே போட்டு 17 வயதில் முதுகு போனவர்கள் எந்த ரெக்கார்டிலும் இருக்க மாட்டார்கள். அவர்கள் இப்போது எங்காவது பாங்க் வேலை பார்த்துக்கொண்டு, குனியாமல் ஷூ மாட்டப் பழகியிருப்பார்கள். என்னைப் போல.

கோச்சிடம் சண்டை போடவில்லை. போனால் போகிறது என்று பையனுக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, எங்கே, எத்தனை பந்து, மறுநாள் முதுகு எப்படி. அவ்வளவுதான். முதல் வாரம் சலித்துக்கொண்டான். கூட்டிப் பார்த்தால் 312 பந்து! அக்கா அதைப் பார்த்து அதிர்ந்துபோய், ஞாயிறு மேட்சுக்கு அவளே தடை போட்டுவிட்டாள். அவனுக்கு என் மேல் கோபம், இரண்டு நாள் பேசவில்லை.

நேற்று ராத்திரி போன் வந்தது. "மாமா, நோ பால் போட்டா அதையும் எண்ணணுமா?"

"எண்ணுடா."

"வைடு?"