மைனஸ் 20 என்று போட்டிருந்தால் மைனஸ் 20-இல் தூங்கிவிடலாமா?

"ஸ்லீப்பிங் பேக்கில் (உள்ளே புகுந்து தூங்கும் பையில்) மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருந்தால் அந்தக் குளிரிலும் நிம்மதியாகத் தூங்கலாம், அந்த ஒன்றே எல்லாப் பருவத்துக்கும் போதும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. கொஞ்சம் ஆபத்தான தவறும்கூட.

ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி சோதித்த பையின் லேபிளைப் பாருங்கள். பொதுவாக ஒரு எண் அல்ல, மூன்று இருக்கும். உதாரணத்துக்கு 2, மைனஸ் 4, மைனஸ் 20. முதலாவது 'கம்ஃபர்ட்': சராசரிப் பெண் ஒருவர் கைகால் நீட்டித் தூங்கக்கூடிய குளிர். அடுத்தது 'லிமிட்': சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. கடைசியாக வரும் 'எக்ஸ்ட்ரீம்' தூக்கத்துக்கான எண்ணே இல்லை. ஆறு மணி நேரம் உயிர் தாங்கலாம், உடல் வெப்பம் அபாயமாகக் குறையவும் கூடும் என்பதுதான் அதன் பொருள். விளம்பரத்தில் பெரிதாக மின்னுவது பல நேரம் இதுதான்!

சோதனையில் ஆளுக்குப் பதிலாகப் பைக்குள் வைக்கும் பொம்மைக்கு முழுநீள உள்ளாடையும் சாக்ஸும் போட்டு, அடியில் குளிர் தடுக்கும் பாயும் விரித்திருப்பார்கள். நம் எடையில் பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி, தரைக்குளிர் நேராக ஏறும். பாய் இல்லையென்றால் லேபிள் எண்ணும் செல்லாது.

சரி, எல்லாப் பருவத்துக்கும் ஒன்று வேண்டுமென்றால்? நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்தின் இரவுக் குளிரைக் 'கம்ஃபர்ட்' எண்ணோடு ஒப்பிடுங்கள். ஜிப் முழுதாகத் திறந்து போர்வையாக விரிகிற பை வெயில் காலத்திலும் உதவும். மிகக் கடுங்குளிர்ப் பை அப்போது வியர்வையில் நனைத்துவிடும்.