அத்தைக்குக் காமாலையா?

(அத்தை கும்பகோணத்தில். அஞ்சலகச் சேமிப்பு வங்கிக் கவுண்டரில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அண்ணன் மகன் ரகு புனேயில். இருவர் காதிலும் போன்.)

ரகு: முதலில் நான் இங்கிருந்தே உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்க்கிறேன் அத்தை. பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

அத்தை: அதுதான் நான் பார்த்துச் சொல்கிறேனேடா. திரை முழுக்க மஞ்சள். நேற்று ஒட்டடை அடித்ததிலிருந்து...

ரகு: அது கிடக்கட்டும். எனிடெஸ்க் என்று ஒரு ஆப் இருக்கிறது. இறக்கினால் ஒரு எண் காட்டும். அதை எனக்குச் சொன்னால் போதும்.

அத்தை: சொல்ல மாட்டேன்.

ரகு: ஏன்?

அத்தை: 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பேப்பரில் வந்ததைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். ஆப்பை இறக்கச் சொல்வான், ஒன்பது இலக்க எண் கேட்பான், சொன்னால் கணக்கு காலி. நீயும் அதே வரிசையில்தான் வருகிறாய்.

ரகு: அது திருடன் அத்தை! நான் உங்கள் அண்ணன் மகன்.

அத்தை: எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டவனும் பெரியம்மா என்றுதான் ஆரம்பித்தானாம்.

ரகு: என் குரல் கூடவா தெரியவில்லை?

அத்தை: குரலை இப்போது மெஷினே பேசுகிறது என்று நீதான் சொன்னாய். போன தீபாவளிக்கு என்னை உட்கார வைத்து, யார் கேட்டாலும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாய். அந்த யாரில் நீ சேர்த்தி இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? சரி, உன் முன்பல் எப்படி உடைந்தது?

ரகு: கிரிக்கெட் ஆடும்போது பந்து பட்டது.

அத்தை: கையெழுத்து ஒத்துப்போகவில்லை. வாத்தியார் வீட்டு மாமரத்திலிருந்து விழுந்தாய்.

ரகு: அப்பாவுக்குச் சொன்ன பதிலைச் சொல்லிவிட்டேன் அத்தை!

அத்தை: எஸ்பி ஏழு படிவத்தில் கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தாலும் பணம் தராதவள் நான். அடுத்த வழியைச் சொல்லு.

ரகு: இன்னொன்று இருக்கிறது, பேர் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஆனால் பெரியப்பா, சித்தி, மாமனார் என்று எல்லார் கம்ப்யூட்டருக்கும் போய்ப் போய், நான் சர்வீஸ் கடை நடத்துகிறேன் என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது.

அத்தை: பாவம், அதற்கே தெரிந்திருக்கிறது உன் பிழைப்பு.

ரகு: விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் உண்டு. ஆனால் உங்களுடையது ஹோம் பதிப்பு. புரோ இருந்தால்தான் வெளியிலிருந்து உள்ளே வர முடியும்.

அத்தை: ஆபீசில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் இருக்கிறது, அவனுக்குக் கொடுத்திருக்கிறான். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கிடையாதாமா?

ரகு: அப்படியானால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். ஒரு தடவை போட்டு வைத்தால் போதும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் இல்லாவிட்டாலும் பின் நம்பர் போட்டு நானே வந்து பார்த்துக்கொள்வேன்.

அத்தை: நான் இல்லாதபோது நீ எதற்கு வர வேண்டும்?

ரகு: ஒரு வசதிக்குத்தான்...

அத்தை: யார் வசதிக்கு? வேண்டாம். அடுத்தது.

ரகு: (பெருமூச்சு) குவிக் அசிஸ்ட். விண்டோஸோடு வருவதுதான். இதில் எண்ணை நான் சொல்வேன், நீங்கள் அடிக்க வேண்டும்.

அத்தை: இது முறை. கேட்கிறவன் எழுதித் தர வேண்டும், கவுண்டரில் இருப்பவள் சரிபார்க்க வேண்டும்.

ரகு: கண்ட்ரோலையும் விண்டோஸ் பட்டனையும் பிடித்துக்கொண்டு க்யூ அழுத்துங்கள்.

அத்தை: விண்டோஸ் பட்டன் எது?

ரகு: நாலு ஜன்னல் மாதிரி படம் போட்டிருக்கும்.

அத்தை: படமெல்லாம் என்றைக்கோ தேய்ந்து போச்சு. இங்கே ரெண்டு வெறும் பட்டன் இருக்கிறது. எந்த மொட்டை?

ரகு: இடது பக்கம், கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் மொட்டை.

(ரிமோட்டை நிறுவ வைப்பதற்குப் பேசும் நேரத்தில் பாதிக் கோளாறுகளைப் பேசியே தீர்த்துவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்கவே மாட்டார்கள்.)

அத்தை: வந்துவிட்டது. எண்ணைச் சொல்லு. இரு, கண்ணாடி எங்கே வைத்தேன்?

ரகு: சீக்கிரம் அத்தை, பத்து நிமிடம்தான் செல்லும்.

அத்தை: கண்ணாடி கிடைத்தது. ஆனால் ஒரு சந்தேகம். எண்ணை நீ சொன்னால் என்ன, நான் சொன்னால் என்ன, கதவைத் திறக்கிறவள் நான்தானே? திருடனும் எண்ணை அவனே சொல்லிவிட்டுப் போகலாமே?

ரகு: போகலாம். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்டே சொன்னது, மோசடிக்காரர்கள் இதையும் பயன்படுத்துகிறார்கள் என்று.

அத்தை: அப்போ சொல்லு. உன் பெரியப்பா கல்யாணத்தில் யார் பாயசத்தில் விழுந்தது?

ரகு: நான்தான்.

அத்தை: கையெழுத்து ஒத்துப்போகிறது. எண்ணைச் சொல்லு.

ரகு: அது செத்துவிட்டது அத்தை. புது எண் எடுக்கிறேன்.

(எடுத்தான். அடித்தார். அனுமதி என்பதை அழுத்தினார். அம்பு தானாக நகர்ந்தது.)

அத்தை: ஐயோ, ஓடுகிறது!

ரகு: நான்தான் நகர்த்துகிறேன். அத்தை... இங்கே மஞ்சளே இல்லையே? எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அத்தை: அப்போ எனக்குக் காமாலையா?

ரகு: அப்படிச் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் காட்டினீர்களா?

அத்தை: சுவரில் காலண்டர் வெள்ளை. மாமா வேட்டி வெள்ளை. இந்தப் பெட்டி மட்டும் மஞ்சள். காமாலை இதற்குத்தான். நேற்று ஒட்டடை அடிக்கும்போது...

ரகு: ஒட்டடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்பிளே டிரைவரை, அதாவது திரையில் படம் காட்ட வைக்கும் மென்பொருளை, புதிதாகப் போட்டுப் பார்க்கிறேன். உங்களுடையது இன்னும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவையே நிறுத்திவிட்டார்கள்.

அத்தை: நான் ரிட்டையர் ஆன பிறகு என்னையும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்காக மஞ்சளாகவா போய்விட்டேன்?

ரகு: அத்தை, எனக்குத் திரை கறுத்துவிட்டது. உங்களிடம் ஏதோ அனுமதி கேட்கும். எனக்கு அது தெரியாது. ஆமாம் என்பதை அழுத்துங்கள்.

அத்தை: எனக்கு மஞ்சள், உனக்குக் கறுப்பு. நடுவில் நான் ஆமாம் போட வேண்டும். உன்னால் பார்க்கவே முடியாத ஒன்றுக்கு என்னை எதற்குடா சம்மதிக்கச் சொல்கிறாய்?

ரகு: நம்பி அழுத்துங்கள் அத்தை!

அத்தை: நம்பித்தான் எதிர்வீட்டு அம்மாவும் அழுத்தினாள். அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணச் சொன்னேன், அவள் சாயங்காலம் பிள்ளை வரட்டும் என்று காத்திருந்தாள். பிள்ளையும் உன்னை மாதிரிதான், வந்ததும் முதலில் அவளைத்தான் திட்டினான். இரு, வாசலில் யாரோ.

(போனை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். ரகு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரும்பி வருகிறார்.)

அத்தை: ரகு, மஞ்சள் போச்சு.

ரகு: பார்த்தீர்களா, டிரைவர்!

அத்தை: டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. நான்தான் இன்னும் ஆமாமே அழுத்தவில்லையே. தண்ணீர் கேன் போடும் பையன் வந்தான். திரை மஞ்சளாக இருக்கிறதே என்றான். ஒட்டடை அடித்ததிலிருந்து இப்படித்தான் என்றேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, நீல முனை வைத்த வயர் ஒன்று பாதி கழன்று கிடந்ததை அழுத்தித் திருகிவிட்டான்.

ரகு: ஓ... விஜிஏ வயர். கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படம் கொண்டுபோவது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனிக் கம்பியில் போகும். நீலம் விட்டுப்போனால் வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிடும். நான் பார்ப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் படம், அதனால் எனக்கு வெள்ளையாகவே...

அத்தை: இவ்வளவு தெரிந்திருக்கிறதே, ஒட்டடை என்று வாயைத் திறந்தபோதெல்லாம் ஏன்டா அடைத்தாய்? அந்தப் பையன் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டான். நீ என்னைத் தவிர எல்லாவற்றையும் கேட்டாய்.

ரகு: சரி அத்தை, இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க அந்த குரோம் ரிமோட்டை மட்டும் இப்போதே போட்டுவிடலாமா? காசு கிடையாது, முழுக்க இலவசம்.

அத்தை: வேண்டாம். கேன் நாற்பது ரூபாய். அதிலேயே இதுவும் அடக்கம்.