19 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்ன வழி?
தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் ஏழைக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் போய்ச் சேருகிறது என்று இந்தக் கட்டுரையில் இருக்கிறது, அது சரியில்லை, 19 வயது நிறைந்திருந்தால்தான் கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு பெண், வயது 17, ஆறாம் மாதம் வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனால், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போய்விடும், கேஸாகிவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். கடைசியில் கிராம சுகாதார நர்ஸம்மாதான் நாலு தடவை வீடு தேடி வந்து, திண்ணையில் உட்கார்ந்து அம்மாக்காரியிடம் பேசிப் பேசிக் கூட்டிப் போனார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. அப்புறம் இரும்புச்சத்து ஊசி, அங்கன்வாடி சத்துமாவு என்று ஓடி, குழந்தை இரண்டு கிலோ சொச்சத்தில் பிறந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர், 19 வயது ஆகாதவர்களுக்கும் பணம் கொடுத்தால் சிறுவயதுக் கல்யாணத்தை ஊக்குவித்த மாதிரி ஆகும் என்கிறார். பணத்துக்காக எந்தப் பெண்ணும் பதினாறு வயதில் பிள்ளை பெறுவதில்லைங்க, தானே இன்னும் வளர்ந்து முடியாத உடம்புக்குத்தான் சத்து அதிகம் வேண்டும். ரொக்கம் தர முடியாவிட்டால் இந்த உதவியில் பொருளாகத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையாவது கொடுங்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் போலீசிடம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிள்ளையைப் பெற்றுக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் அதே பாதுகாப்பு இருந்திருந்தால் இவள் மூன்றாம் மாதமே வந்திருப்பாள்.