ஃப்ரிட்ஸ் போலார்ட் உயிரோட இருந்தப்போ எங்கய்யா போனீங்க?

"முதல் கருப்பின கோச், என்எஃப்எல்லோட பெருமை"ன்னு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஃப்ரிட்ஸ் போலார்ட் படத்த போட்டு சுத்த விடறாங்க (என்எஃப்எல்னா அந்த ஆட்டத்தோட பெரிய லீக்). எனக்கு எரிச்சல்தான் வருது.

மனுஷன் 1894ல சிகாகோல பொறந்தவர். அஞ்சே முக்கால் அடி உயரம், 75 கிலோ எடை, இத வச்சுக்கிட்டு மலை மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல ஓடினவர். 1916ல பிரவுன் யுனிவர்சிட்டி ஒரே சீசன்ல யேல், ஹார்வர்ட் ரெண்டு பேரையும் சாய்ச்சுதுல்ல, அந்த டீமோட ஹீரோ இவர்தான். 1920ல லீக் ஆரம்பிச்ச மொத வருஷமே இவரோட டீம், ஆக்ரன் ஊரு ஆக்ரன் ப்ரோஸ், ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியன், அடுத்த வருஷம் ஆடிக்கிட்டே கோச்சும் ஆயிட்டார். அப்பல்லாம் இந்த மாதிரி கோச்னா ஓரமா நின்னு கத்துற வேலை இல்ல, தானும் உள்ள எறங்கி ஒத வாங்கணும்.

ஒதன்னா சாதா ஒத இல்ல. இவர் கீழ விழுந்துட்டா போதும், விசில் அடிச்சப்புறமும் வேணும்னே மேல வந்து விழுந்து முட்டியால நசுக்குவானுங்க. அதனால விழுந்த வேகத்துலயே மல்லாக்கப் பொரண்டு ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி காத்துல சுத்துவார், ஷூல ஸ்பைக்ஸ் இருக்கு, கிட்ட வந்தா மூஞ்சி பேந்துடும் (சின்ன வயசுல அண்ணனுங்க சொல்லிக் குடுத்ததாம், நல்ல அண்ணனுங்க!). இவ்ளோ ஆடியும் ஆக்ரன்ல டீமோட சேர்ந்து ட்ரெஸ் மாத்த முடியாம, ஓனரோட சுருட்டுக் கடையில மாத்திக்கிட்டு வந்திருக்கார்.

1926ஓட என்எஃப்எல்ல அவரு ஆட்டம் முடிஞ்சுது. 1934லருந்து 1945 வரைக்கும் லீக்ல ஒரு கருப்பர் கூட கெடையாது, எழுதி வச்ச ரூல் எதுவும் இல்லாமலேயே. அவரோ நியூயார்க் ஹார்லெம்ல பிரவுன் பாம்பர்ஸ்னு கருப்பினப் பசங்க டீம் ஒண்ண கோச் பண்ணிக்கிட்டிருந்தார். என்எஃப்எல்ல அடுத்த கருப்பின ஹெட் கோச் ஆர்ட் ஷெல், அது எப்போ தெரியுமா, 1989ல! இதுல பெருமைப்பட என்ன இருக்கு?

இந்த ஆட்டத்தோட பெரிய ஆளுங்கள கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் தொறந்தது 1963ல, அதுவும் கேன்டன்ல, ஆக்ரனுக்குப் பக்கத்து ஊரு. போலார்ட் 1986 வரைக்கும், 92 வயசு வரைக்கும் உயிரோட இருந்தார், எழுபதுகள்ல கூட பேட்டி குடுத்து நடந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டுதான் இருந்தார். அவர அதுல சேத்தது 2005ல. 23 வருஷம் டைம் இருந்துதேய்யா, ஒரு தடவ கூப்பிட்டு மேடையில ஏத்தியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?