பொய் பிடிக்கும் மிஷினும் நம்ம ஊர் செலக்‌ஷனும்

"அமெரிக்காவில் சிஐஏ, எஃப்பிஐ வேலைக்கு மனு போடுகிறவர்களை எல்லாம் பாலிகிராஃப் என்கிற பொய் பிடிக்கும் மிஷினில் உட்கார வைத்துத்தான் எடுக்கிறார்கள். இங்கேயும் போலீஸ், சிஐஎஸ்எஃப் பாதுகாப்புப் படை, ஐபி உளவுத்துறை எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தால் ஒரு கறுப்பு ஆடுகூட உள்ளே நுழையாது" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்டிருந்தார். ராணுவத்தில் இருந்து வந்தவர், குழுவில் அவரோடு மல்லுக்கட்ட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மிஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய குழாய் மூச்சை அளக்கும். கையில் சுற்றிய பட்டை ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்க்கும். விரலில் மாட்டியது வியர்வையைப் பார்க்கும். அவ்வளவுதான். பொய்க்கென்று உடம்பில் தனியாக ஒரு அடையாளம் கிடையாது. "உன்னை நம்பியவரிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்று ஒரு பொதுக் கேள்வி, "உளவாளிகளோடு தொடர்பு உண்டா?" என்று ஒரு நேர்க் கேள்வி. எதற்கு அதிகமாகப் படபடக்கிறது என்று ஒப்பிட்டு, நேர்க் கேள்விக்கு அதிகம் என்றால் பொய் என்று ஒருவர் தீர்ப்பு சொல்வார். அந்தக் காலத்தில் வீட்டில் நகை காணாமல் போனால் எல்லோருக்கும் மந்திரித்த அரிசியை மெல்லக் கொடுப்பார்களாம், யார் வாய் உலர்ந்து அரிசி ஒட்டுகிறதோ அவன் திருடன். அதே கதைதான், கரண்டில் ஓடுகிறது.

படபடப்பு யாருக்கு அதிகம் வரும்? எங்கள் வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு இந்த வேலை கிடைத்தால் வாழ்க்கை, இல்லாவிட்டால் ஷூ கம்பெனி. என் அக்கா மகனுக்கு வீட்டருகே கிளினிக்கில் எப்போது பார்த்தாலும் பிபி 120-க்கு 80. ராணுவ மெடிக்கலில் பட்டையைக் கட்டியதும் 150-ஐத் தாண்டிவிட்டது. அங்கிருந்த டாக்டர் நல்ல மனுஷர். "போய்த் தண்ணி குடிச்சிட்டு உட்காருப்பா" என்று அனுப்பி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தார், சரியாக வந்தது. அப்படியும் வரவில்லை என்றால் மறு மருத்துவப் பரிசோதனைக்கு விண்ணப்பிக்கலாம். அதே பட்டையைப் பாலிகிராஃப் அறையில் கட்டி, நேர்க் கேள்வியின்போது அதே படபடப்பு வந்தால், பையன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம் ஆகிவிடும்.

அமெரிக்காவிலேயே இதை ஆராய்ந்து பார்த்தார்கள். 2003-ல் அங்கே தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்வுக் குழு ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. பத்தாயிரம் ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்கு மிஷினைக் கெடுபிடியாக வைத்தால், கூடவே ஒரு தப்பும் செய்யாத 1,598 பேரும் மாட்டுவார்கள். அப்பாவிகள் மாட்டக்கூடாது என்று தளர்த்தினால் 10-ல் 8 உளவாளி ஜாலியாக வெளியே நடந்து போவான். மிஷின் நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

நிஜத்திலும் நடந்தது. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் ரஷ்யாவுக்கு ரகசியம் விற்றுக்கொண்டே 1986, 1991 இரண்டு பாலிகிராஃபிலும் தேறினார். அரசாங்கச் சம்பளக்காரர் 5,40,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கி ஜாகுவார் காரில் போய்வந்தார். பாங்க் கணக்கைப் பார்த்தாலே போதும், விரலில் வயர் மாட்ட வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவ உளவுத்துறையில் இருந்துகொண்டே கியூபாவுக்கு வேலை பார்த்த ஆனா மோன்டெஸும் 1994-ல் தேறியவர்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையைப் பண்ணக்கூடாது என்று 1988-லேயே சட்டம் போட்ட நாடு அது. அரசாங்கம் மட்டும் தனக்கு விலக்கு வைத்துக்கொண்டது.

சொன்ன விஷயத்தைச் சரிபார்க்காமல் ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லி ஏமாந்த கதை நம் வேலூர்க் கோட்டையிலேயே இருக்கிறது. 1806 ஜூலை 10 கிளர்ச்சிக்குச் சில வாரம் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது என்று சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர்கள் அதை விசாரிக்கச் சொன்னது இந்திய அதிகாரிகளிடம். அவர்கள் "அவனுக்குப் பைத்தியம்" என்றார்கள். உண்மை சொன்னவரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு, நான் சிப்பாய்கள் பக்கம்தான். ஆனால் விஷயத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் இப்படித்தான் ஆகும்.

"விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் வைக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒருவர் சம்மதமில்லாமல் பாலிகிராஃப் எடுக்கக்கூடாது என்று 2010-ல் 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை வழக்கில் சந்தேகப்படுகிறவனுக்கே அந்த உரிமை இருக்கிறது. வேலை கேட்டு வந்து நிற்கிற பையனிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடு என்றால் எந்த வாயால் மாட்டேன் என்பான்?

என்னை உறுத்துவது மிஷின் தப்பாகச் சொல்லும் என்பதைவிட, அது சொன்னதற்குப் பதில் பேச வழியில்லை என்பதுதான். இப்போதைய போலீஸ் வெரிபிகேஷன் ஒன்றும் யோக்கியமான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். தெருச் சண்டையில் பெயர் சேர்த்த எஃப்ஐஆரால் வேலை போனவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் "இந்த ஸ்டேஷன், இந்தக் குற்ற எண்" என்று தாளில் ஒரு காரணம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஹைகோர்ட் போகலாம், போய் ஜெயித்தவர்களும் உண்டு. "உன் வியர்வை சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தால் எந்த வக்கீல் என்ன வாதாடுவார்?

ஆள் எடுப்பதில் கவனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரகசியக் கோப்பைக் கையாளும் பதவி என்றால் சொத்து, கடன், திடீர்ப் பணம் எல்லாவற்றையும் துருவட்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் சில வருஷத்துக்கு ஒருமுறை துருவட்டும், ஏம்ஸ் கெட்டுப்போனது வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தானே.

அப்புறம், செலக்‌ஷனுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. வெரிபிகேஷன் படிவத்தில் கேஸ் பற்றிக் கேட்டால், முடிந்துபோன சின்னக் கேஸாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால் வேலை நிச்சயம் என்று சொல்லவில்லை. ஆனால் அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், சின்னக் கேஸா, பெரிய கேஸா, வேண்டுமென்றே மறைத்தானா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மறைத்து மாட்டினால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும். படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.