வெயிலில் காந்தம் சாகாது; ஃபிரீசரில் பற்றரி தேறாது

"கொழும்பு வெயிலில் போனுக்குள் இருக்கும் காந்தம் செத்துப்போகும், அதனால்தான் ஸ்பீக்கர் சத்தமும் சார்ஜும் குறைகின்றன. பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்தால் சரியாகும்." வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது.

தவறு. பிற்பாதி ஆபத்தும்கூட.

சூடு காந்தத்தைத் தளர்த்தும் என்பது உண்மைதான். அணுக்களின் காந்த ஒழுங்கு முற்றாகக் குலையும் எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770 பாகை செல்சியஸ், போன் ஸ்பீக்கரில் இருக்கும் நியோடிமியக் காந்தத்துக்குச் சுமார் 310. சாதாரண நியோடிமிய வகைகளே ஏறத்தாழ 80 பாகை வரை நிரந்தர இழப்பின்றித் தாங்கும். நம் ஊர் வெயில் 32ஐ ஒட்டியது. அதில் குறையும் துளியளவு வலிமையும் ஆறியதும் திரும்பிவிடும். சத்தம் குறைந்தால் முதலில் ஸ்பீக்கர் வலையில் அடைந்த தூசியைப் பாருங்கள்.

பற்றரியின் கதை வேறு. அதற்குள் லித்தியம் அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்கள், திரவத்தினூடே நகர வேண்டும். குளிரில் திரவம் தடித்து, அவற்றின் நடை மந்தமாகும். சார்ஜ் அதிகரிக்காது, குறைந்ததாகவே காட்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜரைச் செருகினால் இன்னும் மோசம்: பற்றரியின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே குறுஞ்சுற்றும் ஏற்படலாம். போதாததற்கு, வெளியே எடுத்ததும் கடற்கரைக் காற்றின் ஈரம் போனுக்குள் நீர்த்துளியாகும்.

வெயில் பற்றரியை முதுமையாக்குவது மெய். காலிமுகத்திடலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் போனை விடாதீர்கள். சுட்டால் சார்ஜரைக் கழற்றி, கவரை நீக்கி, ஃபேனுக்குக் கீழே வைத்தால் போதும்.