வெள்ளச்சி கைதி இல்லை, சித்தப்பா

சித்தப்பா போட்ட ஞாயிற்றுக்கிழமை வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறைக் கதவு திறக்கிறது, எங்கள் பூனை வெள்ளச்சி தயங்கித் தயங்கி வெளியே போகிறாள், பின்னணியில் புல்லாங்குழல். மேலே "இன்று ஓர் உயிருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தேன்" என்று ஒரு வரி. நேற்று வரை 340 பேர் இதயக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் முப்பது நாற்பது பேர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். நன்றி.

வீடியோவில் வராத பகுதியை நான் சொல்கிறேன்.

அன்று என் அம்மாவுக்குத் தெவசம். வீடு நிறைய ஆட்கள், வாசல் கதவும் கொல்லைக் கதவும் திறந்தபடி இருக்கும் என்பதால் வெள்ளச்சியை இரண்டாம் கட்டு அறையில் விட்டுச் சாத்திவிட்டு, கதவில் சாக்பீஸால் "பூனை உள்ளே இருக்கிறது, திறக்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். சித்தப்பா நன்றாகப் படித்தவர். படித்துவிட்டுத்தான் திறந்தார். "ஏண்ணே, வாயில்லா ஜீவனைப் போய் இப்படி அடைச்சு வச்சிருக்கீங்களே" என்று கூடத்தில் இருந்த அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கார் சென்னைக்குக் கிளம்பிவிட்டது. வெள்ளச்சி இரண்டு ராத்திரி வரவில்லை. அவித்த மத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு, குடமுருட்டிக் கரை வரைக்கும் நானும் அப்பாவும் நடந்தோம். அவருக்கு 71 வயது. செவ்வாய் விடியற்காலை பக்கத்துக் களத்தில் குறுவை வைக்கோல் போருக்கு அடியில் கிடந்தாள். பின்னங்காலில் பல் பட்ட காயம். கடித்தது நாயா, வேறு பூனையா தெரியவில்லை. இழுக்கப் போன என் கையைப் பயத்தில் பிறாண்டிவிட்டாள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட பூனைதான், இருந்தாலும் மறுபடி ஓர் ஊசி. எனக்கும் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி: முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். இன்று மூன்றாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் இரண்டு பாக்கி. யாராவது புல்லாங்குழல் வைத்து வீடியோ எடுக்க வருவதாக இருந்தால் தேதி சொல்கிறேன்.

பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது கொடுமை இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். இந்தப் பதிவு முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இதற்கு முன்னால் ஒரு பூனை இருந்தது. பழைய நண்பர்களுக்கு மணியைத் தெரியும். செவலைக் கடுவன், பெரிய தலை. அவனை யாரும் அடைத்ததில்லை. எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை, எல்லாம் நாட்டு ஓடு. தெருவின் இந்தக் கோடியில் ஏறினால் தரையில் கால் வைக்காமல் அந்தக் கோடியில் போய் இறங்கலாம். மணி அப்படித்தான் போவான், வருவான். எந்த வீட்டில் மீன் என்று எங்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

2020 மார்கழியில் ஒரு நாள் காலை வந்து கூடத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஈறு வெள்ளைத்துணி மாதிரி வெளுத்திருந்தது, மூக்கில் ரத்தம். டாக்டர் பார்த்த உடனே, "வயல்ல நீலக் கட்டி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். ப்ரோமடியோலோன் என்ற எலி விஷம். மெழுகுக் கட்டி மாதிரி இருக்கும், ஊர்ப் பக்கம் எலி கேக் என்பார்கள். சிங்க் பாஸ்பைடு என்ற இன்னொரு விஷம் தின்ற எலி பெரும்பாலும் அன்றைக்கே செத்துவிடும். இது அப்படியில்லை, ரத்தம் உறையாமல் செய்துவிடும். தின்ற எலி நாலைந்து நாள் கிறங்கிப்போய்த் திரியும். ஓட முடியாத எலியைப் பூனை விடுமா? எலிக்கு வைத்தது பூனைக்குள்ளும் போகும். வைட்டமின் கே ஊசி போட்டார்கள். காலம் கடந்துவிட்டது.

அந்தக் கட்டி யார் வயலில் வைத்தது என்று அன்றைக்கு நான் தெரு முழுக்கத் திட்டித் தீர்த்தேன். வைத்தது எங்கள் வயலில். வாங்கி வந்தவர் அப்பா. முன்பெல்லாம் எலி பிடிக்கக் கிட்டி என்ற பொறி வைக்கும் பெரியவர் ஒருவர் வருவார். மூங்கில் வில்லும் கயிறுமாக, தஞ்சாவூர்க் கிட்டி என்றே அதற்குப் பேர். சாயங்காலம் வரப்போரம் நட்டுவிட்டுப் போய், விடிந்ததும் வந்து எலியை எண்ணிக் கூலி வாங்கிக்கொள்வார். வயதாகி அவர் வருவது நின்றுபோனது. கதிர் வாங்கும் சமயத்தில் எலி அடிமட்டத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனால் பயிரைப் பார்க்கவே வயிறு எரியும். அப்பா வேறு என்ன செய்வார்? கட்டி வாங்கினார். மணியை எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டு மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் வெள்ளச்சி குட்டியாக வந்தபோது, "இதை வெளியில விட வேண்டாம்மா" என்று சொன்னவர் அவர்தான். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி இருக்கிறது, ஆனால் திருடனுக்காகப் போட்ட கம்பியில் பூனை சர்வசாதாரணமாக நுழைந்துவிடும். நாகப்பட்டினத்திலிருந்து பழைய மீன் வலை வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினார். வலையில் மீன் வாசம் போகாமல் இருந்ததால் வெள்ளச்சி மூன்று நாள் முற்றத்தில் அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா சிறைக்கம்பி என்று சொன்னது இந்த வலையைத்தான்.

இப்போது என்ன மாதம்? கார்த்திகை முடியப் போகிறது, சம்பா கதிர் வாங்கும் நேரம். ஊரில் பாதி வரப்பில் நீலக் கட்டி இருக்கிறது. விடுதலை கொடுக்க வேறு மாதமே கிடைக்கவில்லை.

"எங்க அப்பத்தா காலத்தில் பூனையெல்லாம் வெளியிலதான் சுத்திச்சு, நல்லாத்தான் இருந்துச்சு" என்று மூன்று பேர் கமெண்ட் போட்டிருக்கிறீர்கள். எனக்கும் அப்பத்தா இருந்தார். அவரிடம் இருந்த பூனைகளை எண்ணிப் பார்த்தேன், எனக்கு நினைவு தெரிந்து ஏழு. ஒன்றாவது கிழடாகி வீட்டில் செத்ததா? இல்லை. எல்லாமே "காணாமப் போச்சு". நம் வீடுகளில் பூனை சாகாது, காணாமல்தான் போகும். போன பூனையை யாரும் தேடுவதில்லை, அடுத்த குட்டி வந்துவிடும். அதற்குப் பேர்தான் நல்லாத்தான் இருந்துச்சு.

"பூனையின் இயல்பு வேட்டையாடுவது." ஆமாம், ஒத்துக்கொள்கிறேன். வெள்ளச்சிக்குப் பொழுது போகாமல் போவதும் உண்டு, போன வருடத்தைவிடக் குண்டாகியும் இருக்கிறாள். சரி. ஆனால் அந்த இயல்பு எலியோடு நிற்பதில்லையே? மணி கொண்டுவந்து போட்ட தவிட்டுக்குருவிகளையும் அணில்பிள்ளைகளையும் கூட்டித் தள்ளியது நான். அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு 100 கோடிப் பறவைகளுக்கு மேல் கொல்கின்றன என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. சிட்டுக்குருவி தினத்தன்று கண்ணீர்ப் பதிவு போட்ட அதே கை இந்த வீடியோவுக்கும் இதயக்குறி போட்டிருப்பதைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை.

லண்டனில் இருக்கும் அத்தை மகள், அங்கே கதவிலேயே பூனைக்குத் தனி ஓட்டை வைத்து வெளியே விடுவார்கள் என்கிறாள். உண்மைதான். அமெரிக்காவில் பெரும்பாலான டாக்டர்கள் உள்ளேயே வை என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனையை வெளியே திரியவிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நாட்டுக்கு ஒரு கணக்கு. லண்டனில் நீலக் கட்டி வைத்த வரப்பும், வாலை நிமிர்த்திக்கொண்டு வரும் ஆறு தெருநாய்களும், குறுக்கே போனால் சகுனத்தடை என்று கல்லெடுக்கும் எதிர்வீட்டுக்காரரும் இருந்தால் அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள்.

கயிறு கட்டி நடத்திக் கூட்டிப்போகலாமே என்று ஒருவர். வாங்கினேன், 450 ரூபாய். மாட்டியதும் வெள்ளச்சி செத்த மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டாள். கழற்றும் வரை அசையவில்லை. அந்தக் கயிறு இப்போது கொல்லையில் பாகற்கொடிக்கு உதவுகிறது.

அடைத்து வைத்திருக்கிறோம் என்றால் எங்கே? வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் எங்கள் வீடு நூறடி நீளம். ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, பரண். மழை பெய்தால் முற்றத்தில் பெய்யும், அவள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். தினம் மீன், உப்புப் போடாமல் அவித்து. பாலும் சோறும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது, டாரின் என்ற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். கருத்தடை ஆபரேஷனுக்கு அவளைக் கூடையில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போய், பஸ் மாறி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போய் வந்தது நான். வழியெல்லாம் கத்தினாள். பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பிள்ளை பிடிப்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

சென்னையில் சித்தப்பா வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. எட்டாவது மாடி, ஏசி அறை, பால்கனி. அதற்கு எப்போது விடுதலை என்று 340 பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன், தெரியும். ஆனால் எனக்கு வலித்தது பூனை விஷயத்தில் மட்டும் இல்லை. ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வீட்டில் எல்லாமே தப்பாகத் தெரிகிறது. அம்மா படுத்திருந்த இரண்டு வருடமும் அப்படித்தான். அந்த டாக்டரிடம் காட்டியிருக்கலாமே, இந்த மருந்து கொடுத்திருக்கலாமே. இருந்து பார்த்தவர்களுக்குத் தப்புச் செய்தவர்கள் என்ற பேர், வந்துபோனவர்களுக்கு நல்லவர்கள் என்ற பேர்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் ப்ளஸ் டூ முடித்தபோது எனக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பா அரை மனதாகச் சரி என்றுதான் இருந்தார். சித்தப்பா வந்தார். இதே கூடம், இதே ஊஞ்சல். "வயசுப் பொண்ணைக் கண்ணுக்கு மறைவா அனுப்பாதீங்கண்ணே, காலம் கெட்டுக் கிடக்கு." முடிந்தது. கும்பகோணத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து வேறு ஏதோ படித்தேன். அன்றைக்கு எனக்கு யாரும் கதவைத் திறந்து வீடியோ எடுக்கவில்லை. பூனைக்காவது அந்த மனசு வந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

"அப்படியென்றால் உனக்குச் செய்ததைத்தானே நீ பூனைக்குச் செய்கிறாய்" என்று கேட்கப் போகிறீர்கள். கமெண்டில் வருவதற்கு முன்னால் நானே எழுதிவிட்டேன். இல்லை. நான் வாய் திறந்து கேட்டேன். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று தெரிந்து கேட்டேன். வெள்ளச்சிக்கு வெளியே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். அன்றைக்குச் சித்தப்பாவும் இதையேதான் சொன்னார், அவளுக்கு வெளியில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்று.

சரி. அதை நான் தனியாக யோசித்துக்கொள்கிறேன். ஆனால் கோயம்புத்தூர் ஹாஸ்டல் வாசலில் யாரும் எலி கேக் வைத்திருக்கவில்லை. நான் இரண்டு நாள் கழித்து வைக்கோல் போருக்கு அடியில் காயத்தோடு கிடந்திருக்கவும் மாட்டேன். பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது கொடுமை இல்லை. கடைசியாகச் சொல்கிறேன்.

சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அப்பா உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார். நேற்று நான் போனை எடுத்தபோதுகூட, "விடும்மா, தம்பி தெரியாம செஞ்சுட்டான்" என்றார். அதனால் நானும் கேட்கவில்லை. வீடியோவை எடுத்துவிடுங்கள், அது போதும்.

தை மாதம் பொங்கலுக்கு எல்லோரும் வருவீர்கள், வாருங்கள். இரண்டாம் கட்டுக் கதவில் இந்தத் தடவை சாக்பீஸ் எழுத்து இருக்காது. பூட்டு வாங்கியாகிவிட்டது, சாவி என் இடுப்பில்.